ஒப்பந்தம் ஏஜென்சியோடு, தகராறு மருத்துவமனையோடு

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் டிராவல் நர்ஸாக, அதாவது சில வாரங்களுக்கு மட்டும் வெளியூரிலிருந்து வரும் ஒப்பந்தச் செவிலியராக, வேலை பார்ப்பவரின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை மருத்துவமனையுடையது. எந்த நாள், எந்த ஷிஃப்ட், எத்தனை நோயாளிகள் என்பதை முடிவு செய்பவர் அந்த வார்டின் மேலாளர். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரே மின்னஞ்சலில் அவரை நிறுத்திவிடவும் அந்த மேலாளரால் முடியும். ஆனால் அந்தச் செவிலியர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் மருத்துவமனை ஒரு தரப்பாகவே இருக்காது. அவரை வேலைக்கு எடுத்ததும் சம்பளம் போடுவதும் ஏஜென்சி. மருத்துவமனைக்கும் ஏஜென்சிக்கும் இடையே தனியாக ஓர் ஒப்பந்தம் உண்டு. அதன் ஒரு வரியைக்கூடச் செவிலியர் பார்த்திருக்க மாட்டார்.

டிராவல் நர்ஸுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இடையே வரும் தகராறுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கின்றன. முடிவெடுப்பவர் ஒருவர், வாக்குக் கொடுத்தவர் இன்னொருவர். பாதிக்கப்பட்டவர் கேட்கப் போனால் மருத்துவமனை ஏஜென்சியைக் காட்டும், ஏஜென்சி மருத்துவமனையைக் காட்டும். கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்க நீதிமன்றங்களும் சில மாநிலச் சட்டமன்றங்களும் இந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கத் தொடங்கியிருக்கின்றன. முழுவதும் அடைபடவில்லை.

இந்தத் தொழில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1978இல் மார்டி கிரா திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க வெளியூர் செவிலியர்களை வரவழைத்ததில் தொடங்கியது என்று அத்துறையினர் சொல்வார்கள். எண்பதுகளில் அது முறையான வணிகமாக வளர்ந்தது. இன்று பெரிய நிறுவனங்களில் ஒன்றாக இருக்கும் ஏஎம்என் ஹெல்த்கேர் 1985இல் சான் டியேகோவில் ஆரம்பிக்கப்பட்டது. அதே நகரைச் சேர்ந்த ஆயா ஹெல்த்கேர் இன்னொரு பெரிய நிறுவனம். வழக்கமான ஒப்பந்தக் காலம் 13 வாரம். வாரத்துக்கு 36 மணி நேரம், அதாவது 12 மணி நேர ஷிஃப்ட் மூன்று. பல மருத்துவமனைகள் ஏஜென்சிகளோடு நேரடியாகக்கூடப் பேசுவதில்லை. நடுவில் ஒரு மேலாண்மை நிறுவனம், அதன் கணினித் தளம், அந்தத் தளத்தில் போட்டியிடும் பல ஏஜென்சிகள், அவற்றுக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர்கள் என்று வரிசை நீள்கிறது. கடைசியில் நிற்பவர்தான் செவிலியர். மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் தொகையிலிருந்து ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கழிந்துதான் அவர் கைக்கு வருகிறது.

வருவதும் ஒரே சம்பளமாக வராது. ஒரு பகுதி வரி பிடிக்கப்படும் மணிக்கூலி. மறு பகுதி தங்குமிடம், சாப்பாட்டுக்கான படி. வேறு ஊரில் சொந்த வீட்டுச் செலவையும் தாங்கிக்கொண்டு தற்காலிகமாக இங்கே வந்திருப்பவர் என்றால் அந்தப் படிக்கு வருமான வரி இல்லை. ஒரே இடத்தில் ஓராண்டுக்கு மேல் நீளும் என்று தெரிந்தே செய்யும் வேலையை வரித்துறை தற்காலிகம் என்று ஏற்காது. அதனால் மணிக்கூலியைத் தாழ்வாகவும் படியை உயர்வாகவும் வைப்பது இத்துறையின் பழக்கமாகிவிட்டது. மொத்தத் தொகையைப் பார்க்கும்போது இது செவிலியருக்கு லாபமாகத் தெரியும். ஒரு ஷிஃப்ட் போய்விட்டாலோ கூடுதல் நேரம் பார்க்க நேர்ந்தாலோதான் அதன் மறுபக்கம் தெரியவரும்.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். மணிக்கூலி 25 டாலர், வாரப்படி 1,200 டாலர் என்று ஓர் ஒப்பந்தம். 36 மணிக்கு 900 டாலர் கூலி, படியோடு சேர்த்து 2,100. ஒரு ஷிஃப்டுக்கு வரவில்லை என்றால் கூலியில் 300 டாலர் போவது நியாயம். பல ஒப்பந்தங்களில் படியிலும் மூன்றில் ஒரு பங்கு, 400 டாலர், கழிக்கப்படும். அறை வாடகை அந்த வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுவதில்லை. தங்குவதற்கென்று தந்த பணம் வேலை செய்த மணிக்கணக்கைப் பார்த்துக் குறைகிறது என்றால், அது படிதானா, பெயர் மாற்றிய கூலியா?

இதே கேள்வியை ஏஎம்என் நிறுவனத்தின் மீது அதன் செவிலியர்கள் தொடுத்த வழக்கில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்த்தது. நோயால் வராமல் போனாலும் அங்கே படி குறைந்தது. முன்பு கூடுதலாகப் பார்த்த மணி நேரத்தைச் சேமித்து வைத்து அந்தக் குறைவை ஈடுகட்டவும் முடிந்தது. வெளியூர் போகாத உள்ளூர் செவிலியர்களுக்கும் படி தரப்பட்டது, ஆனால் அவர்களுக்கு மட்டும் அது கூலிக் கணக்கில் வைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த நீதிமன்றம், இது செய்த வேலைக்கான ஊதியம்தான், மிகைநேரக் கூலிக்கு அடிப்படையான மணிக்கூலியில் இதையும் சேர்க்க வேண்டும் என்றது. மேலே சொன்ன கணக்கில் 2,100ஐ 36ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 58 டாலர் வரும். மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்பதை 25இன் மீது போடுவதா, 58ஐ ஒட்டிய தொகையின் மீது போடுவதா என்பது சின்ன வித்தியாசமில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் வாரத்துக்கு 48, 60 மணி நேரம் பார்த்தவர்களுக்கு அது பெரும் பணம்.

ஆனால் செவிலியர்களின் அன்றாடப் புகார் மிகைநேரம் அல்ல, குறைநேரம். ஷிஃப்ட் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது தொலைபேசி வரும். இன்று நோயாளிகள் குறைவு, வர வேண்டாம். நிரந்தர ஊழியரைத் திருப்பி அனுப்பினால் தொழிற்சங்கம் கேட்கும், மனக்கசப்பு வளரும். டிராவல் நர்ஸைத் திருப்பி அனுப்பினால் கேட்க ஆளில்லை. ஒப்பந்தத்தில் 'உத்தரவாத மணி நேரம்' என்ற பிரிவு இருந்தால் அந்த நாளுக்கும் கூலி உண்டு. இல்லையென்றால் இல்லை. இருக்கும் ஒப்பந்தங்களிலும் இரண்டு வாரச் சம்பளக் காலத்தில் ஒரு ஷிஃப்டை மருத்துவமனை கூலியின்றி ரத்து செய்யலாம் என்ற விலக்கு அடிக்கடி நுழைந்திருக்கும். அப்படிப் பார்த்தால் 13 வாரத்தில் ஆறு ஷிஃப்ட், அதாவது இரண்டு வார வருமானம், முன்கூட்டியே கைவிட்டுப்போகக்கூடிய கணக்கு. மணிக்கு எவ்வளவு என்று பேரம் பேசுபவர்கள் பலர் இந்தப் பிரிவைப் படிப்பதில்லை. படித்து, விலக்கு இல்லாத 36 மணி நேர உத்தரவாதத்தை எழுதி வாங்குபவர் மணிக்கு இரண்டு டாலர் குறைவாக ஒப்புக்கொண்டாலும் நஷ்டப்பட மாட்டார்.

ஒப்பந்தத்தையே ரத்து செய்வது அடுத்த படி. வேலை தொடங்கும் முன்பும் நடக்கலாம், நடுவிலும் நடக்கலாம். செவிலியர் அதற்குள் முன்பணம் கொடுத்து அறை பிடித்திருப்பார், இன்னொரு மாநில உரிமத்துக்குப் பணம் கட்டியிருப்பார், ஆயிரம் மைல் காரோட்டி வந்திருப்பார். உரிமக் கூட்டமைப்பில் சேர்ந்த மாநிலங்களுக்குள் ஒரே உரிமம் செல்லும். கலிஃபோர்னியா அதில் சேரவில்லை என்பதால் அங்கே போவதற்குத் தனி உரிமம் வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், செவிலியர் விலகுவதற்கு இரண்டு வார முன்னறிவிப்பும் அபராதமும் இருக்கும். மருத்துவமனை விலகுவதற்கு 'எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும்' என்று இருக்கும். இருவருக்கும் ஒரே அளவு முன்னறிவிப்பு, முன்னறிவிப்பின்றி நிறுத்தினால் வாடகைக்கு ஈடு என்று கேட்டு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆள் தட்டுப்பாடான காலத்தில், அவசரமாக நிரப்ப வேண்டிய பிரிவுகளில் கேட்டால் அது கிடைக்கும். கையெழுத்துக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.

2020 முதல் 2022 வரையிலான காலம் இந்தத் தகராறுகள் அனைத்தையும் பெரிதாக்கிக் காட்டியது. கொரோனா அலைகள் எழுந்தபோது வாரத்துக்கு 5,000 டாலரைத் தாண்டிய விளம்பரங்கள் சாதாரணமாகின. சில 10,000ஐத் தொட்டன. ஏஎம்என் நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 2019இல் 220 கோடி டாலர் அளவில் இருந்தது. 2022இல் 520 கோடியைத் தாண்டியது. அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் 2021 தொடக்கத்திலேயே ஏஜென்சிகளின் விலையேற்றத்தை விசாரிக்கும்படி மத்திய வணிக ஆணையத்துக்கு எழுதியது. 2022 ஜனவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஏறக்குறைய 200 பேர் அதே கோரிக்கையோடு வெள்ளை மாளிகைக்குக் கடிதம் அனுப்பினார்கள். அவர்கள் சுட்டியது ஏஜென்சிகளின் லாபத்தைத்தான். செவிலியர்கள் அதைத் தங்கள் ஊதியத்துக்கு உச்சவரம்பு வைக்கும் முயற்சியின் தொடக்கமாகப் பார்த்தார்கள். 2022 மே 12 அன்று, சர்வதேசச் செவிலியர் நாளில், வாஷிங்டனில் நடந்த பேரணியில் ஊதிய உச்சவரம்புக்கு எதிரான குரலும் ஒலித்தது.

ஒமைக்ரான் அலை வடிந்ததும் நடந்தது இன்னும் கசப்பானது. ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கும்போதே ரெக்ரூட்டரிடமிருந்து அழைப்பு வந்தது. மருத்துவமனை விலையைக் குறைத்துவிட்டது, அடுத்த வாரத்திலிருந்து இத்தனை டாலர் குறைவு, சம்மதம் என்றால் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள், இல்லையென்றால் வேலை முடிந்தது. 2022இல் ஆயா உள்ளிட்ட பல பெரிய ஏஜென்சிகள் மீது செவிலியர்கள் கூட்டு வழக்குகள் தொடுத்தார்கள். உயர்ந்த கூலி காட்டி வரவழைத்து, ஊர் மாறி வந்து திரும்பிப் போக முடியாத நிலையில் இருக்கும்போது குறைத்துவிட்டார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஏஜென்சிகள் அதை மறுத்தன.

அந்த வழக்குகள் எங்கே போய் நின்றன என்பது இத்துறையில் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம். குற்றச்சாட்டு உண்மையா என்ற கேள்விக்கு முன்பே, இதை நீதிமன்றம் விசாரிக்கலாமா என்ற கேள்வி எழுந்துவிட்டது. ஏஜென்சிகளின் வேலை ஆவணங்களில், தகராறு வந்தால் தனியார் நடுவரிடம் தனித்தனியாகத்தான் போக வேண்டும் என்ற உடன்பாடு இருக்கிறது. கூட்டு வழக்கைத் தடுக்கும் இத்தகைய பிரிவுகள் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் எபிக் சிஸ்டம்ஸ் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. ஆயா வழக்கில் முதலில் வந்த நான்கு பேர் நான்கு நடுவர்களிடம் அனுப்பப்பட்டார்கள். இரண்டு நடுவர்கள் அந்த உடன்பாடு செல்லும் என்றார்கள், இரண்டு பேர் அது நியாயமற்றது, செல்லாது என்றார்கள். பின்னால் சேர்ந்த 250க்கும் மேற்பட்டவர்களுக்கு, செல்லாது என்ற முடிவைப் பொருத்திக்கொள்ளலாம் என்றது கீழ் நீதிமன்றம். 2025இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒருவரின் நடுவர் தீர்ப்பைக் கொண்டு இன்னொருவரின் உடன்பாட்டைக் கலைக்க முடியாது என்பது அதன் நிலை. ஒரே படிவம், ஒரே நிறுவனம், ஒரே புகார், ஆனாலும் ஒவ்வொருவரும் தனியாக வாதாட வேண்டும். 13 வாரத்துக்கு ஒரு முறை ஊர் மாறுபவருக்கு இது எத்தனை பாரம் என்பதைச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை.

மருத்துவமனையை நேரடியாகப் பொறுப்பாக்க முடியுமா? கலிஃபோர்னியாவில் முடியும். அதற்கு ஒரு செவிலியர் பத்து ஆண்டுகள் போராடினார். 2012 பிப்ரவரியில் ஃப்ளெக்ஸ்கேர் என்ற ஏஜென்சி அவரை ராஞ்சோ மிராஜ் நகரின் ஐசனோவர் மருத்துவ மையத்துக்கு அனுப்பியது. அவர் அங்கே வேலை பார்த்தது ஒரு வாரம். உணவு இடைவேளை, ஓய்வு இடைவேளை, மிகைநேரக் கூலி கிடைக்கவில்லை என்று முதலில் ஏஜென்சி மீது கூட்டு வழக்கு. அது ஏழரை லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. அதன் பிறகு அதே புகாரோடு மருத்துவமனை மீது இன்னொரு வழக்கு போட்டார். ஏஜென்சியோடு செய்த சமரசமே எங்களுக்கும் விடுதலைப் பத்திரம் என்று வாதிட்டது மருத்துவமனை. 2022 ஜூன் 30 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சமரசப் பத்திரத்தில் மருத்துவமனையின் பெயர் இல்லை. ஏஜென்சியின் நலனும் மருத்துவமனையின் நலனும் ஒன்றல்ல. வேலை வாங்கியவர், கூலி கொடுத்தவர் என்ற இரண்டு முதலாளிகளையும் தனித்தனியே கேள்வி கேட்கும் உரிமை செவிலியருக்கு உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் நடைமுறைப் பொருள். ஏஜென்சியும் மருத்துவமனையும் ஒன்றையொன்று கைகாட்டும் விளையாட்டுக்கு இதைவிட நேரடியான பதில் இன்னும் வரவில்லை.

அதே மாநிலத்தில் 2015 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டமும் இங்கே உதவும். ஒப்பந்ததாரர் மூலம் ஆள் எடுக்கும் நிறுவனம், அந்த ஆளின் கூலிக்கு ஒப்பந்ததாரரோடு சேர்ந்து பொறுப்பாகிறது. உணவு இடைவேளை தவறினால் ஒரு மணி நேரக் கூலி கூடுதலாகத் தர வேண்டும். வேலையிலிருந்து நிறுத்தினால் பாக்கிக் கூலியை அன்றே தீர்க்க வேண்டும். வேண்டுமென்றே தாமதித்தால் நாளொன்றுக்கு ஒரு நாள் கூலி என்று 30 நாள் வரை அபராதம் ஏறும். தொழிலாளர் ஆணையரிடம் புகார் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை. 12,500 டாலருக்கு உட்பட்ட தொகையானால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கும் போகலாம். நடுவர் உடன்பாடுகள் பலவும் சிறு வழக்குகளுக்கு விலக்கு அளிக்கின்றன. ஓர் அறையின் முன்பணம், இரண்டு ஷிஃப்ட் கூலி போன்ற தகராறுகளுக்கு இந்தச் சிறிய வழிகளே போதும். பலருக்கு அவை இருப்பதே தெரியாது.

பணத் தகராறைவிட ஆழமாகக் காயப்படுத்துவது வேலையைப் பற்றிய தகராறு. ஐசியூவுக்கு என்று எடுத்தவரை, அவர் பழகாத பிரிவுக்கு மாற்றி அனுப்புவார்கள். முதலில் மாற்றப்படுபவர் டிராவல் நர்ஸ் என்பது பல மருத்துவமனைகளில் எழுதப்படாத விதி. சில இடங்களில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். எத்தனை நோயாளிகள் என்பதும் தகராறாகும். கலிஃபோர்னியாவில் 1999இல் இயற்றி 2004 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஐசியூவில் ஒரு செவிலியருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அப்படி ஒரு வரம்பு எழுத்தில் இல்லாத மாநிலங்களில் எத்தனை பேர் வரை பார்ப்பது என்பதை அந்த இரவின் ஆள் கணக்குதான் தீர்மானிக்கும். மறுத்தால் என்ன ஆகும் என்ற பயம் செவிலியருக்கு உண்டு. நோயாளியைக் கைவிட்டதாகப் புகார் போனால் உரிமம் போய்விடும் என்று மேலாளர்கள் சொல்வதும் உண்டு.

அந்த மிரட்டலில் பாதிக்கு மேல் சட்டப்படி நிற்காது. நோயாளியைப் பொறுப்பேற்றுக்கொண்டு, மாற்று ஆளிடம் ஒப்படைக்காமல் நடுவில் கிளம்பிப் போவதைத்தான் செவிலியர் வாரியங்கள் கைவிடல் என்கின்றன. ஷிஃப்ட் முடிந்து ஒப்படைத்துவிட்டு வேலையை விடுவதும், ஒப்பந்தத்தை முறிப்பதும், கூடுதல் ஷிஃப்ட் பார்க்க மறுப்பதும் முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான விஷயம். டெக்சாஸ் வாரியம் இதைத் தன் நிலைப்பாட்டு அறிக்கையில் எழுதியே வைத்திருக்கிறது. அந்த மாநிலத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. கொடுக்கப்படும் பணி நோயாளிக்கு ஆபத்து என்று நல்லெண்ணத்தோடு கருதும் செவிலியர், ஏற்கும் முன்பே அதை எழுதிக் கொடுத்துச் 'சேஃப் ஹார்பர்' பாதுகாப்பைக் கோரலாம். சக செவிலியர் குழு அதை ஆராயும். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. டெக்சாஸுக்குப் புதிதாக வரும் டிராவல் நர்ஸ், மருத்துவமனையின் மருந்து அலமாரிக்குக் கடவுச்சொல் வாங்கும் முன் இந்தப் படிவம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கைவிடல் என்ற பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நியூயார்க் காட்டியது. பிலிப்பைன்ஸிலிருந்து சென்டோசா என்ற நிறுவனம் மூலம் வரவழைக்கப்பட்ட செவிலியர்கள் பத்துப் பேர் லாங் ஐலண்டின் அவலான் கார்டன்ஸ் என்ற பராமரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தார்கள். சொன்ன சம்பளம், சொன்ன வேலை எதுவும் நடக்கவில்லை என்று 2006 ஏப்ரலில் ஒரே நாளில் விலகினார்கள். எந்த நோயாளிக்கும் தீங்கு நேரவில்லை. உரிமம் வழங்கும் மாநிலத் துறை விசாரித்து அவர்கள் மீது தவறில்லை என்றது. ஆனாலும் 2007இல் சஃபோக் மாவட்ட அரசு வழக்கறிஞர் அவர்கள் மீதும், அவர்களுக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் மீதும் குற்ற வழக்குத் தொடுத்தார். 2009 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. வேலையை விட்டதற்காகத் தண்டிப்பது, அடிமை முறையை ஒழித்த 13ஆம் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு எதிரானது என்றது நீதிமன்றம். அவர்கள் 13 வார ஒப்பந்தக்காரர்கள் அல்ல, அவர்கள் வேலை பார்த்த இடமும் மருத்துவமனை அல்ல. இருந்தாலும் ஒப்பந்தத்தை முறிப்பதும் குற்றம் செய்வதும் ஒன்றல்ல என்பதை நிலைநாட்டிய தீர்ப்பு அது.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருந்து அமெரிக்கா போக முயலும் செவிலியர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். விசாவுக்கு ஏற்பாடு செய்யும் நிறுவனம் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம் கேட்கும். நடுவில் விலகினால் இத்தனை ஆயிரம் டாலர் கட்ட வேண்டும் என்று எழுதும். சென்டோசாவோடு தொடர்புடைய நிறுவனங்கள் மீது 200க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், 25,000 டாலர் வரையிலான அத்தகைய அபராதம் செல்லாது என்று நியூயார்க் மத்திய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஆட்கடத்தலில் சிக்கியவர்களைக் காக்கும் சட்டத்தையே அந்த அபராதப் பிரிவு மீறுகிறது என்றும் சொன்னது. கலிஃபோர்னியா 2025 அக்டோபரில் இயற்றிய சட்டம், 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில் 'வேலையில் இரு அல்லது பணம் கட்டு' வகைப் பிரிவுகளுக்குச் சில விலக்குகளோடு தடை விதிக்கிறது. கையில் இருப்பது பழைய ஒப்பந்தமா, புதியதா, எந்த மாநிலச் சட்டத்தின் கீழ் வருவது என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் அபராதத்துக்குப் பயப்பட வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும்.

தகராறு வந்துவிட்டால் என்ன செய்வது என்று அனுபவப்பட்டவர்களைக் கேட்டால், முதலில் சொல்வது எழுத்தைத்தான். ரெக்ரூட்டர் தொலைபேசியில் சொன்ன எதுவும் ஒப்பந்தம் ஆகாது. பெரும்பாலான ஒப்பந்தங்களின் கடைசியில், இதில் எழுதியிருப்பதே முழு உடன்பாடு என்று ஒரு வரி இருக்கும். பேச்சில் கிடைத்த வாக்கை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதி கேட்க வேண்டும். ஷிஃப்ட் ரத்தானால் அழைத்தவர் யார், எத்தனை மணிக்கு அழைத்தார் என்று குறித்துவைத்து ஏஜென்சிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். உத்தரவாத மணி நேரத்துக்கான கூலியை மறுக்கும்போது ஏஜென்சி முதலில் சொல்லும் காரணம், செவிலியர்தான் லீவு கேட்டார் என்பது. இடைவேளை கிடைக்காத நாளில் அதற்கான படிவத்தை நிரப்பாமல் விட்டால், மணிக்கணக்குப் பதிவில் அரை மணி தானாகவே கழிந்துவிடும். நோயாளிகளின் விவரம் இருக்கும் எதையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஆதாரம் தேடப் போய் அந்தரங்கச் சட்டத்தை மீறியவர் வழக்கையும் உரிமத்தையும் சேர்த்தே இழக்க நேரிடும்.

மருத்துவமனை மேலாளரிடம் ஊதியத்தைப் பற்றி நேரடியாகச் சண்டை போடுவதில் பயன் குறைவு. அவருக்கு அந்த எண்கள் பெரும்பாலும் தெரியாது. ஏஜென்சிகள் செவிலியர்களையே மருத்துவத் தொடர்பாளர்களாக வைத்திருக்கின்றன. பாதுகாப்பு, பிரிவு மாற்றம், நடத்தைப் புகார் ஆகியவற்றை அவர்களிடம் கொண்டுபோவதுதான் சரியான வழி. ரெக்ரூட்டருக்குத் தரகுத் தொகை முக்கியம், மருத்துவமனையைப் பகைக்க மாட்டார். தொடர்பாளருக்கோ உரிமம் என்றால் என்னவென்று தெரியும்.

எல்லா ஆலோசனையும் தடுக்கி நிற்கும் இடமும் ஒன்று உண்டு. 'திரும்ப வர வேண்டாம்' பட்டியல். மருத்துவமனை ஒருவரைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டால், அதே குழுமத்தின் மற்ற மருத்துவமனைகளிலும், எந்த ஏஜென்சி மூலம் போனாலும், கதவு மூடிவிடலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒப்பந்தத்தில் இருப்பது அரிது. ஷிஃப்டுகளை மாற்றிக்கொண்டே இருப்பதைக் கேள்வி கேட்டவர், ஆள் பற்றாக்குறையை எழுத்தில் சொன்னவர் எல்லாம் இப்படி ஒரே நாளில் வெளியேற்றப்பட்டதாகச் சொல்வதுண்டு. நோயாளிப் பாதுகாப்புப் பற்றிப் புகார் செய்தவரைப் பழிவாங்குவதைக் கலிஃபோர்னியச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் பழிவாங்கல் என்று நிரூபிக்கக் காரணம் தெரிய வேண்டும், காரணமோ செவிலியர் பார்க்க முடியாத தளத்தில் ஒரு குறிப்பாக இருக்கிறது. இந்தத் துறையில் உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய அநியாயம் எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். நிறுத்தப்பட்டவருக்கு எழுத்தில் காரணம், பதில் சொல்ல ஒரு வாய்ப்பு, அது ஏஜென்சியின் கோப்பிலும் மருத்துவமனையின் கோப்பிலும் சேர்க்கப்படுவது என்ற மூன்றையும் சட்டமாக்குவதற்கு எந்த மருத்துவமனையின் வரவு செலவும் தடையாக இருக்க முடியாது.

செவிலியர் பார்க்காத அந்த இன்னொரு ஒப்பந்தத்தின் மீது கைவைத்த மாநிலம் இல்லினாய். 2022இல் திருத்திய செவிலியர் ஏஜென்சி உரிமச் சட்டத்தில், வேறு இடத்தில் வேலைக்குச் சேரக் கூடாது என்று செவிலியரைக் கட்டும் பிரிவுகளுக்கு அது தடை போட்டது. மருத்துவமனையிடம் மணிக்கு எவ்வளவு வாங்கப்படுகிறது, அதில் ஊழியருக்கு எவ்வளவு போகிறது என்பதை ஏஜென்சியும் மருத்துவமனையும் தங்களுக்குள் போடும் ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுத வேண்டும் என்றும், அதன் நகல் மாநிலத் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும் என்றும் விதித்தது. மருத்துவமனை விலையைக் குறைத்துவிட்டது என்று ரெக்ரூட்டர் சொல்லும்போது, அது உண்மையா என்று சரிபார்க்க அரசிடம் ஒரு காகிதம் இருக்கிறது.